காய்ச்சலுக்கு எந்த ஊர்?

2018 நவம்பர் 12, திங்கட்கிழமை. தேனி மாவட்டத்தின் மேற்கு மலையில், ஊத்தாம்பாறைக்கு ஜீப் வந்து நிற்கும் திருப்பத்தில் ஒரு மஞ்சள் பலகை நடப்பட்டது. 'உண்ணிக் காய்ச்சல் எண்டமிக் பகுதி' என்று அதில் எழுதியிருந்தது.

மறு வருடம் மழை விட்ட ஒரு காலையில் மூன்று பேர் அந்தப் பலகையைக் கடந்து மேலே ஏறினார்கள். முன்னால் போனவன் வீரணன். ஊத்தாம்பாறையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். அவனுக்குப் பின்னால் டாக்டர் எஸ்தர். பலகையை வைக்கச் சொன்ன ஆய்வுக் குழுவின் தலைவி அவர்தான். கடைசியில், பார்த்த கல்லையெல்லாம் புரட்டிக்கொண்டு வந்தவர் இளம்பரிதி. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர், நத்தை ஆராய்ச்சிக்காரர்.

எஸ்தரைக் குழப்பம் ஒன்று மலையேற்றியிருந்தது. உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் பூச்சியின் குஞ்சுகள் மிளகாய்த் தூள் அளவுதான் இருக்கும். கறுப்புத் தட்டு ஒன்றைத் தரையில் வைத்தால் அதன்மேல் ஏறிவரும். அந்த வாரம் முழுக்க ஊத்தாம்பாறையின் கொல்லைகளிலும் காப்பிச் செடிகளுக்கு அடியிலும் தட்டு வைத்துப் பார்த்தார். ஒரு குஞ்சுகூட ஏறவில்லை. அப்படியானால் போன வருடம் இந்த ஊரில் போட்ட முகாமுக்கு அத்தனை நோயாளிகள் எங்கிருந்து வந்தார்கள்? மேலே, முகட்டுக்குக் கீழே, நரிப்பள்ளம் என்று ஈரமான புதர்க்காடு இருப்பதாக வீரணன் சொன்னான். அங்கேயும் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

இளம்பரிதி தேடியது இடப்பக்கம் சுழிந்த ஓடுள்ள ஒரு நத்தை. வெள்ளைக்காரர் காலத்துச் சேகரிப்பாளர் ஒருவர் எடுத்த ஓடுகளோடு அதன் தடம் முடிந்துபோயிருந்தது. ஓடுகளில் ஒட்டிய சீட்டில் 'ஊத்தாம்பாறை' என்றே இருந்தது. ஊரில் அந்த நத்தையும் இல்லை.

வீரணன் வந்தது தன் மனைவி அன்னக்கொடிக்காக. தலைப்பிரசவத்துக்கு அடிவாரத்துத் தாய்வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டது. பலகை இருக்கிற ஊருக்குப் பச்சப்பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று அவன் மாமியார் ஒரே பிடியாக நின்றார். ஊத்தாம்பாறையில் மட்டும்தான் அந்தக் காய்ச்சல் இருக்கிறது, அதைத்தான் இங்கிலீசில் எழுதியிருக்கிறார்கள் என்று ஜீப்காரர் அடிவாரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வீரணனும் அதை நம்பினான். சந்தையில் ஊர் பேரைக் கேட்டால் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பான்.

புல்மேட்டைத் தாண்டியதும் ஓடை குறுக்கிட்டது. முந்தின நாள் மழையில் தண்ணீர் இடுப்பளவுக்கு ஓடியது. வீரணன் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, மறு முனையோடு அக்கரைக்குப் போய் இழுத்துப் பிடித்தான். நடு ஓடையில் எஸ்தருக்குக் கால் வழுக்கியது. கயிற்றில் தொங்கியபடி அவர் தட்டுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, இளம்பரிதி பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்தார்.

கரையில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போடும்போது இளம்பரிதி அந்தச் சேகரிப்பாளரைத் திட்ட ஆரம்பித்தார். மனிதர் ஊத்தாம்பாறை பங்களாவை விட்டு நகரவே இல்லையாம். கூலிக்காரர்கள் மலை முழுக்கத் திரிந்து கொண்டுவந்ததற்கெல்லாம் அந்த ஒரே பெயரைப் போட்டாராம்.

"நத்தை எங்க இருந்துச்சுன்னு எழுதல டாக்டர். தான் எங்க உக்காந்து டீ குடிச்சோம்னு எழுதியிருக்காரு. அத நம்பி ஆராய்ச்சிக்காரங்க அந்த ஊரச் சுத்திக் கோடு போட்டு, நத்தைக்கு உலகத்துலயே இதுதான் வீடுன்னுட்டாங்க."

எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் மேலேயிருந்து புல்கட்டு சுமந்த பெண்கள் இறங்கினார்கள். துடைப்பத்துக்கு அறுத்த புல். அவர்களில் ஒருத்தி எஸ்தரைப் பார்த்ததும் கட்டை இறக்கினாள்.

"என்னயத் தெரியலயா டாக்டரம்மா? போன வருசம் முகாம்ல ரத்தம் எடுத்தீங்களே. மாத்திரையில பொழச்சு வந்துட்டேன்."

எஸ்தருக்கு முகம் நினைவு வந்தது. எந்த ஊர் என்று பழக்கத்தில் கேட்டார். ஊத்தாம்பாறை என்றாள் அவள்.

வீரணன் சட்டென்று திரும்பினான். "ஏத்தா, ஒனக்கு எதுக்கு எங்க ஊரு? நீ குருவிமெத்துக்காரிதான?"

"ஆமா, குருவிமெத்துன்னா கீழ எவனுக்குத் தெரியும்? ரேசன் கடையும் ஜீப்பும் ஊத்தாம்பாறையிலதான இருக்கு. வெளியாளு கேட்டா எல்லாரும் அதத்தான் சொல்லுவோம்." அவள் வீரணனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், பேரச் சொன்னா தேஞ்சா போயிரும்?"

புல் எங்கே அறுக்கிறீர்கள் என்று எஸ்தர் கேட்டார். நரிப்பள்ளத்தில்தான், மலையிலிருக்கும் எல்லாக் குடியிருப்புக்காரர்களும் அங்கேதான் வருவார்கள் என்றாள்.

பெண்கள் இறங்கிப் போனார்கள். எஸ்தர் எழுந்திருக்கவில்லை. முகாமில் நோயாளிகளிடம் அவர் கேட்டது எந்த ஊர் என்ற ஒரே கேள்வி. வேலை எங்கே, விறகுக்கு எங்கே போவீர்கள் என்று எவரிடமும் கேட்கவில்லை. முகாம் போட்ட ஊரின் பெயரே எல்லார் வாயிலும் வந்தபோது, கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்திருந்தார். இளம்பரிதி அவர் முகத்தைப் பார்த்தார். டீ குடித்த கதையை அதற்குமேல் எடுக்கவில்லை.

மதியத்துக்கு நரிப்பள்ளத்தில் இறங்கினார்கள். கால்சட்டை முனைகளைக் காலுறைக்குள் செருகி, பூச்சி விரட்டும் தைலம் தடவிக்கொண்டார்கள். புல்லும் புதரும் கலந்த ஓரத்தில் எஸ்தர் தட்டுகளை வைத்தார். கொஞ்ச நேரத்தில் கறுப்பு விளிம்பில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி நகர்ந்தது. பிறகு ஒரு கூட்டமே ஏறியது. பத்தடி தள்ளி வெயில்பட்ட பாறையோரம் வைத்த தட்டு வெறுமையாகவே கிடந்தது.

"தீவு மாதிரி இருக்கு" என்றார் எஸ்தர். "இந்தப் பள்ளம்தான். ஊருல இல்ல."

புதருக்குள்ளிருந்து இளம்பரிதியின் குரல் உடைந்து வந்தது. அழுகிய மரத்துண்டின் அடியில், இடப்பக்கம் சுழிந்த ஓட்டோடு ஒரு நத்தை உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் மூங்கில் முறிந்தது. ஒற்றைக் காட்டுமாடு புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்து மூச்சு விட்டது. வீரணன் இருவரையும் பாறை மேல் விரட்டினான். பாதி ஏறிய எஸ்தர் திரும்பிக் கீழே குதித்தார். பூச்சி ஏறிய தட்டுகள் அங்கேயே கிடந்தன. அவற்றை வழித்து மூடிபோட்ட குப்பிக்குள் தள்ளுவதற்குள் மாடு தலையைத் தாழ்த்திவிட்டது. வீரணன் அவர் கையைப் பிடித்துத் தூக்கினான். கொம்பு பாறையில் உரசியது. மாடு சுற்றிச் சுற்றி வந்து, சலித்து, மூங்கிலுக்குள் போயிற்று.

மூச்சு அடங்கியதும் வீரணன் கேட்டான். "உசுரவிட இந்தப் பூச்சி பெருசா டாக்டரம்மா?"

எஸ்தர் சொல்லத் தொடங்கினார். வேறெங்கும் இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் வாழும் உயிரை இளம்பரிதி சார் எண்டமிக் என்பார். ஓரிடத்தில் விடாமல் இருந்துகொண்டே வரும் நோயை நாங்கள் எண்டமிக் என்போம். அது வேறு இடங்களிலும் இருக்கலாம். ஜீப்காரர் எடுத்துக்கொண்டது இளம்பரிதி சார் சொல்கிற அர்த்தத்தை. எஸ்தர் அங்கே நிறுத்தினார். ஜீப்காரர் மேல் பழியைப் போடுவது வசதியாக இருந்ததே அவருக்குக் கூசியது.

"அது கெடக்கட்டும். தப்பு என்னுது வீரணன். காய்ச்சல் இங்க பிடிக்குது. நான் ஆளுங்களோட ஊரக் கேட்டு, காய்ச்சலுக்கு ஒங்க ஊர் பேர வச்சுட்டேன்."

வீரணன் பாறையிலிருந்து கீழே குதித்தான்.

"ஒரு வருசமா ஊர் பேரச் சொல்லக் கூசிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றான். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க மாமியாகிட்ட வந்து சொல்லுங்க."

இறங்கும்போது அவன் அவருக்காக நிற்காமல் முன்னால் நடந்தான். ஓடையில் மட்டும் நின்று, அவருக்காகக் கயிற்றை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான்.

பூச்சிகளில் நோய்க்கிருமி இருப்பதை ஆய்வகம் உறுதிசெய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அடிவாரத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். மாமியார் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எஸ்தர் எல்லாவற்றையும் சொன்னார். ஊத்தாம்பாறைக்குப் பிள்ளையை அனுப்பலாம், புல்லறுக்கப் போகிறவர்கள் உடம்பை மூடிக்கொண்டு போய், வந்ததும் குளித்துத் துணி மாற்ற வேண்டும், காய்ச்சல் கண்டால் உடனே மாத்திரை எடுக்க வேண்டும் என்றார்.

"இப்ப மட்டும் சரியாத்தான் கேட்டீகளா?" என்றார் மாமியார். "இல்ல, அடுத்த வருசம் வந்து எங்க ஊருலயும் பலகை வப்பீகளா?"

ஊர்ப் பெயர் இல்லாத எச்சரிக்கை ஒன்றை நரிப்பள்ளத்துப் பாதையில் மட்டும் வைக்கப்போவதாக எஸ்தர் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற அன்னக்கொடி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

மஞ்சள் பலகை அந்த வாரமே பிடுங்கப்பட்டது. இளம்பரிதியின் கட்டுரையில் நத்தையின் இடம் நரிப்பள்ளம் என்று அச்சானது. எஸ்தர் தன் பழைய கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பினார். அதைச் சிலரே படித்தார்கள்.

பலகை பிடுங்கிய வாரத்து வியாழக்கிழமையே ஜீப்பில் அன்னக்கொடி பிள்ளையோடு ஊத்தாம்பாறைக்கு வந்து சேர்ந்தாள். அவள் அம்மா வரவில்லை.