ஏரிக்குப் போன நீல ஒயர்

பானெட்டின் மேல் பனி இல்லை.

செலின் வாசல் படியிலேயே நின்றுவிட்டாள். காலை எட்டு மணி. விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொரு டிகிரி. விட்ட மூச்சு காதோரத்தில் சரசரவென்று உறைந்து விழுகிற குளிர். ஊரின் புகைபோக்கிகளிலிருந்து புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போய்க்கொண்டிருக்க, கூரையும் வேலியும் விறகுக் குவியலும் வெள்ளையாக மூடிக் கிடக்க, அவளுடைய எண்ணெய் லாரியின் முன்பக்கம் மட்டும் கறுப்பாக, ஈரமாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

நேற்று அவள் ஹீட்டரைச் செருக மறந்துவிட்டாள். அது நினைவுக்கு வந்துதான் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். இந்தக் குளிரில் ராத்திரி முழுக்க ஹீட்டர் கரண்டில் ஓடி எஞ்சினைச் சூடாக வைத்திருந்தால்தான் டீசல் வண்டி காலையில் அசையும். இல்லாவிட்டால் எஞ்சின் எண்ணெய் தார் போல இறுகிப்போகும். கிளப்பப் பார்த்து முக்கி முக்கியே பேட்டரி செத்துவிடும். ஹீட்டரின் ப்ளக் முன்கம்பிகளுக்கு நடுவே வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றி பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடு. ஆனால் இரும்பின் சூடு இல்லை அது. நெடுநேரம் தூங்குகிறவன் முதுகைத் தொட்டதுபோல் இருந்தது.

வண்டி உடனே கிளம்பியது. அவள்தான் சற்று நேரம் கியரைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீடுவீடாகக் கணப்பு எண்ணெய் நிரப்புவது அவள் வேலை. அன்று நாலாவது வீடு யூலலியுடையது. தம்பி ஆந்த்வானின் மனைவி. போன ஜனவரியிலிருந்து விதவை.

"அண்ணி, உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்க. மூக்கு நுனி வெளுத்துப்போச்சு பாருங்க."

அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. செலின் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அட!" யூலலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊர்ல எவனோ உங்க மேல கண்ணு வச்சுட்டான் அண்ணி! நாப்பத்தொம்பது வயசுல! பூ குடுக்க இங்க வழியில்ல, அதான் கரண்ட் குடுக்கறான்."

செலினும் சிரித்துவைத்தாள். யூலலியின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அவருக்கும் யாராவது அப்படிச் செருகி விட்டிருக்கலாம்... நேத்து மெக்கானிக் காஸ்பர் வந்தான் அண்ணி. அவரு வண்டியோட ஹீட்டர் எரிஞ்சு போகவே இல்லையாம். நல்லா ஓடுதாம். அப்புறம் ஏன் அன்னிக்குக் காலைல வண்டி அப்படிச் செத்துக் கிடந்துச்சு? உங்க வாசல்லதானே நின்னுச்சு? நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

"இல்ல," என்றாள் செலின். "நான் என்னத்தப் பாத்தேன்."

ரொட்டியைத் துணியில் சுற்றி அவள் கையில் திணித்து அனுப்பினாள் யூலலி.

செலின் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அன்று அவள் வாசலில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்தான் வேலை செய்தது. அன்றிரவு அவள் வீட்டில் தங்கிய ஆந்த்வான் சாயங்காலமே தன் வண்டியைச் செருகிவிட்டுத் தூங்கப் போயிருந்தான். விடிந்தால் பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய் போட வேண்டும் என்று அவள் அவனுடையதைப் பிடுங்கித் தன்னுடையதைச் செருகினாள். நாலு மணிக்கு எழுந்து மாற்றிவிடலாம் என்று படுத்தவள் ஏழு வரை தூங்கிவிட்டாள். எழுந்ததும் முதல் காரியமாக அவன் ப்ளக்கை மறுபடி செருகிவைத்தாள். அப்புறம் ஜன்னலோரம் காபியோடு நின்றாள். ஹீட்டர் எரிந்துவிட்டது என்று அவன் வண்டியை உதைப்பதையும், இருபது நிமிஷம் முக்க வைத்து ஒருவழியாகக் கிளப்பிப் போவதையும் பார்த்தாள். சொன்னால் திட்டுவான். அவ்வளவுதான் அப்போது நினைத்தாள்.

உறைந்த ஏரிக்கு மேல் போகும் பனிச்சாலையில் எண்பது கிலோமீட்டர் தாண்டி வண்டி நின்றது. சோர்ந்துபோன பேட்டரியில் மறுபடி எழும்பவில்லை. அவன் நடந்திருக்கிறான். இரண்டு நாள் கழித்துக் கிடைத்தான். மண் இளகி ஜூனில்தான் புதைக்க முடிந்தது.

மூன்றரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிட்டது. செலின் லாரியை நிறுத்தி, ப்ளக்கின் ஒயரைச் சுருட்டி முன்கம்பியோடு சேர்த்து இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். வேண்டுமென்றேதான் செருகவில்லை. உள்ளே வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்தாள். சுவர்க் கட்டைகள் குளிரில் படீர் படீரென்று வெடித்தன. ஐந்து மணி இருக்கும். அடுப்பில் வைத்த கெட்டில் போல மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். அடுப்பில் கெட்டிலே இல்லை.

இரைச்சல் வெளியே இருந்து வந்தது. ஹீட்டர் ஓடும்போது எஞ்சினுக்குள் கேட்கும் இரைச்சல்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முறுக்கிய கம்பி அவிழ்ந்து பனியில் கிடந்தது. ப்ளக்கில் ஒரு நீல ஒயர் மாட்டியிருந்தது. அது அவளுடையது இல்லை. வீட்டுப் பக்கமும் அது போகவில்லை. வேலியைத் தாண்டி, கலையாத பனியின் மேல், ஏரிப் பக்கம் நீண்டு போயிற்று. பக்கத்தில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

இந்தக் குளிரில் ஒயர் இரும்புக்கம்பி மாதிரி விறைத்திருக்க வேண்டும். தொட்டாள். குழைந்தது. உள்ளே எதுவோ விட்டுவிட்டுத் துடித்தது.

திரும்பிப் போயிருக்கலாம். கால்கள் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தன. வேலி போயிற்று. கடைசி வீட்டின் வெளிச்சம் போயிற்று. பூட்ஸுக்கு அடியில் பனி கிறீச்சிட்டது. பிறகு கிறீச்சிடவில்லை. கீழே ஏரி.

டார்ச் மங்கியது.

டீசல் வாடை.

ஒருவன் பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். முதுகு காட்டி.

சுற்றி அவன் முன்னால் வந்தாள். சட்டை திறந்திருந்தது. ஒயர் அவன் விலாவுக்குள் போயிருந்தது.

"ஆந்த்வான்." டார்ச்சைத் தாழ்த்தினாள். "நான்தான்டா பிடுங்கினேன்."

"தெரியும்க்கா." உதடு அசையவில்லை, இமைகளில் பனி ஒட்டியிருந்தது. "ஜன்னல்ல நின்னு காபி குடிச்சியே. பாத்தேன்."

"குளிருதாடா?"

"உன் வண்டி சூடாயிருச்சா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் ஒயரை உருவினான். தூரத்தில் அவள் வாசலில் இரைச்சல் நின்றது. எங்கும் சத்தமே இல்லை.

"அப்போ இப்ப என் வண்டிக்கு," என்றான், சின்னப் பையன் முறை கேட்பதுபோல். "கொஞ்ச நேரம்தான்க்கா."

செலின் குனிந்து பார்த்தாள். அவளுடைய கோட் திறந்திருந்தது. எப்போது திறந்தாள்? நெஞ்சிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நீல ஒயர் அவள் மார்புக்குள் போய், அவனைத் தாண்டி, ஏரியின் மேல் இருட்டுக்குள் நீண்டு கிடந்தது.

வலிக்கவில்லை. விரல்கள் முதலில் போயின. பிறகு முழங்கால்.

ஏரியின் நடுவில், யாருமே இல்லாத இருட்டில், இரண்டு முன்விளக்குகள் மெல்ல மஞ்சளாக எரியத் தொடங்கின.