கொடி சுற்றிய பிள்ளை

தையல் மெஷின் ஓடியும் உள்ளேயிருந்து உதை வரவில்லை.

அதுதான் முதலில் உறுத்தியது. மோட்டார் இரைந்தாலே போதும், வயிற்றுப் பிள்ளை வலது விலாவுக்குக் கீழே குதிகாலால் ஒரு குத்து விடுவான். கம்பெனிச் சட்டைகளுக்கு வீட்டிலேயே காலர் தைத்துக் கொடுப்பவள் அவள். இந்த மாதங்களில் அந்தக் குத்து வாங்காமல் ஒரு காலரும் முடிந்ததில்லை. "கொஞ்சம் அசந்தா முதலாளி உதைக்கிறார் பாரு" என்று கணவன் கேலி செய்வான். அதிலிருந்து பிள்ளைக்குப் பெயரே முதலாளி என்றாகிவிட்டது.

போன வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "பிள்ளை கழுத்துல தொப்புள்கொடி சுத்தியிருக்கும்மா. பயப்படாதே, நிறையப் பிள்ளைங்க அப்படியே நல்லாப் பிறக்குதுங்க. அசைவு குறைஞ்சா மட்டும் ஒரு நிமிஷம் வீட்ல இருக்காதே."

பயப்படாதே என்ற அந்தச் சொல்தான் அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை.

நூலை உருவிவிட்டு, துணி இல்லாமலே மெஷினை மிதித்தாள். ஊசி வெறுமனே ஏறி இறங்கியது. எண்ணெயும் சூடான பெல்ட்டும் கலந்த வாடை அறையில் நிறைந்தது. ஜன்னல் வெயில் தரையை விட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்து, உடம்பையே காதாக்கி உட்கார்ந்திருந்தாள்.

"முதலாளி... ஒரே ஒரு தடவை, கண்ணு."

அசைந்தது.

உதை அல்ல. இடது இடுப்பில் தொடங்கி, தொப்புளுக்கு அடியில் தோலை ஒட்டி எதுவோ நழுவி வலப்பக்கம் போனது. அவசரமே இல்லை. கையும் காலும் உள்ள ஒன்று அப்படிப் போகாது.

பெயின்டர் வேலை முடித்து, தின்னர் நாற்றத்தோடு கணவன் வந்தபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. அவன் அசையல."

அவன் முகம் செத்துப்போனது. பெயின்ட் காய்ந்த கையை வயிற்றில் வைத்தான். அடுத்த கணமே சிரித்தான்.

"அடிப் பைத்தியமே, இதோ உருளுறானே!"

"அது அவன் இல்லீங்க."

"வேற யாரு? உள்ளே வாடகைக்கு ஆள் வெச்சிருக்கியா?" என்றான். ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தான்.

வழி நெடுக அது நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் அவனுக்கு உயிர் வந்தது. அவளுக்குப் போனது.

நர்ஸ் சில்லென்று ஜெல்லைத் தடவி, துடிப்புக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தாள். இரைச்சல். இடம் மாற்றினாள். இரைச்சல். பிறகு, மெதுவாக ஒரு துடிப்பு.

"கேக்குது!" என்றான் கணவன்.

நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "இது அம்மாவோடது."

கீழே. மேலே. ஓரத்தில்.

வேறு துடிப்பில்லை.

"மெஷின் கோளாறும்மா. கண்ணால பாருங்க, அசையுது!" என்றான் கணவன்.

நர்ஸ் பார்த்தாள். ஜெல் பளபளத்த தோலுக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு வரம்பு எழுந்து, வளைந்து, ஊர்ந்தது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். டாக்டரைக் கூப்பிடக் கதவுப் பக்கம் ஓடினாள்.

படுத்திருந்தவள் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"விட்டுடு. சின்னப் புள்ளை. விட்டுடு."

அது நின்றது. கேட்டதுபோல.

"பாத்தியா, உன் குரலுக்கு அடங்கிட்டான்." கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அவள் கைகளுக்கு அடியில், நிதானமாக, அது இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுகியது.