எழும்பாத கணினி

காலை ஒன்பது மணி. போட்டோ ஸ்டுடியோக்காரி கணினியின் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே வரி வந்து நின்றது: இயங்குவதற்கு டிஸ்க் இல்லை.

நேற்று மாலைதான் அவளுடைய தம்பி புது டிஸ்க் மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஓட்டியும் காட்டினான். பல வருட ஆல்பம் டிசைன்கள் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

போன் போட்டதும் தம்பி ஓடி வந்து பெட்டியைத் திறந்தான். "அக்கா, புதுசு இருக்கு. பழைய டிஸ்கைக் காணோம்."

"நல்லா நடிக்கிறடா. பழசை நான் எடுத்துக்கவான்னு நேத்தே கேட்டவன் நீதானே? இனி என் வாசப்படி மிதிக்காதே!"

அத்தோடு நிற்கவில்லை. போலீசையும் கூப்பிட்டுவிட்டாள்.

வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். எங்கே நுழைந்தாலும் நூலோடுதான் வெளியே வருவாராம்.

கதவுப் பூட்டு உடையவில்லை. அக்காவைத் தவிர சாவி வைத்திருந்தவர்கள் மூவர்: அவள் கணவர், தம்பி, ஸ்டுடியோவில் ஆல்பம் போடும் டிசைனர்.

ஊசி பெட்டிக்குள் டார்ச் அடித்தார். பழைய டிஸ்க் இருந்த இடத்தில் ஒயர்கள் எட்டு வடிவில் மடித்துக் கட்டப்பட்டிருந்தன.

"நீ திறக்கும்போது மூடி எப்படி இருந்துச்சு?"

"ஸ்குரூ எல்லாம் இறுக்கமா இருந்துச்சு மேடம்," என்றான் தம்பி.

பிறகு மூவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். "பழைய டிஸ்கை எடுத்தா மெஷின் என்ன ஆகும்?"

கணவர் கையை விரித்தார். "எது பழசு, எது புதுசுன்னே தெரியாதுங்க. பல்பு மாட்டவே மச்சினனைத்தான் கூப்பிடுவேன்."

டிசைனர் ஹெட்போன் ஒயரை மடித்துக் கட்டி மேசையில் வைத்தான். "ஒண்ணும் ஆகாது மேடம். எல்லாத்தையும் புதுசுக்கு ஏத்தியாச்சுன்னு இவரே பெருமையா சொன்னாரு. எழும்பலைன்னா மாட்டினவர் கோளாறு."

தம்பி தலை குனிந்தான். "எழும்பாது மேடம். ஃபைல் எல்லாம் புதுசுல இருக்கு. ஆனா மெஷினைத் தட்டி எழுப்புற பகுதி மட்டும் பழசுலயே இருந்துச்சு. இன்னைக்கு மாத்திட்டு, அப்புறம் பழசை எடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"இதை யாருகிட்ட சொன்னே?"

"யாருகிட்டயும் இல்ல. வேலை பாதியில நிக்குதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்!" அக்கா பாய்ந்தாள்.

"அதனாலதாம்மா அவன் எடுக்கலை," என்றார் ஊசி. "எடுத்தவன் ஒயரைக் கட்டி, ஸ்குரூவை இறுக்கி, பெட்டியை மூடியிருக்கான். ஏன்? காலையில மெஷின் வழக்கம்போல ஓடும், யாரும் உள்ளே பார்க்க மாட்டாங்கன்னு நம்பியிருக்கான். எடுத்தா ஓடாதுன்னு தெரிஞ்ச உங்க தம்பி, ஒரு நாள் பொறுத்திருந்தா யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. ஒண்ணும் ஆகாதுன்னு நம்பினது ஒரே ஆள்தான்."

மேசையிலிருந்த ஹெட்போனை எடுத்து, பெட்டிக்குள் கிடந்த ஒயருக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் எட்டுதான்.

"திருடப் போன இடத்துலயும் உங்க சுத்தம் விடலையே, டிசைனர் சார்."

டிசைனர் ஹெட்போனைப் பார்த்தான். "தனியா கடை போடலாம்னு... அதுல பாதி நான் போட்ட டிசைன், மேடம்."

டிஸ்க் அவனுடைய லென்ஸ் பையில் இருந்தது.

ஊசி டிஸ்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவனை அழைத்துக்கொண்டு போனார். தம்பி பழைய டிஸ்கை மாட்டி, விட்டுப்போன பகுதியைப் புதியதற்கு மாற்றினான்.

"இனி பழசு இல்லாமலே எழும்பும்," என்றான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். "கழட்டிப் பார்க்கட்டுமா?"

அக்கா ஸ்குரூ டிரைவரை அவன் பக்கம் நகர்த்தினாள். கழற்றினான். பொத்தானை அவளே அழுத்தினாள். திரை பளிச்சென்று எழுந்தது.

அவள் பழைய டிஸ்கை எடுத்து, துணியில் சுற்றி, தம்பியின் பைக்குள் வைத்தாள்.

"இன்னொரு தடவை அரைகுறையா விட்டுட்டுப் போனே, நிஜமாவே வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."