குன்றின் தோளில் யாரோ

“அந்த மண்ணுல எவனும் கால் வைக்கக் கூடாது! வச்சா துப்பாக்கியை எடுப்பேன்!”

“எடுங்க மாமா, எடுங்க! உங்க பொண்ணு ஏழு மாசம். மழை பிடிச்சா போனும் போயிரும், கரண்டும் போயிரும். அப்போ எதை வச்சு உங்களைக் கூப்பிடுவா? துப்பாக்கியை வச்சா?”

அரிசி உருண்டை, அதான் கடம்புட்டு, கொடுக்கிற சாக்கில் நான் பக்கத்து வீட்டு ஜோயப்பண்ணாவின் வராந்தாவில் ஏறியபோது மாமனாரும் மருமகனும் இந்த நிலையில் இருந்தார்கள். சண்டை நடக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எனக்கில்லை.

மேஜைமேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு ரேடியோ; அதன் ஜோடி ஏற்கெனவே மகள் வீட்டில். கோபுரம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். போனில் எழுதினால் ஒரு பெட்டி வீசும், இன்னொன்று பிடிக்கும். எட்டாவிட்டால் நடுவில் மூன்றாவது பெட்டி ஒன்று செய்தியை வாங்கிக் கைமாற்ற வேண்டும். இந்த வீட்டுக்கும், மகள் நயனா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் இடையே குன்று. அதன் தோளில்தான் மூன்றாவதை வைக்க வேண்டும் என்றான் மருமகன் மாச்சய்யா.

அங்கேதான் அவர்களுடைய பழைய வீடு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் மலை சரிந்தபோது வீட்டோடு ஜோயப்பண்ணாவின் மனைவி பொள்ளவ்வாவும் போனாள். உடல் கிடைக்கவில்லை. அன்று அவள் பதினோரு முறை அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் போனை அணைத்துவிட்டுக் கிளப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தார். இதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மாச்சய்யா ஏரியலைத் திருகினான். திருகாமல் சுவிட்சைப் போட்டால் உள்ளே கருகிவிடுமாம். மூங்கிலில் கட்டிக் கூரைமேல் நிறுத்தினான்.

“போகாது பாருங்க. உங்க பிடிவாதத்தோட பலனைக் கண்ணாலயே பாருங்க,” என்று நயனாவுக்கு ‘சாப்பிட்டியா?’ எழுதி அனுப்பினான்.

பதில் வந்தது. ‘முத்தக்கா அங்கதான் இருப்பாங்க. என்ன கொண்டுவந்தாங்க?’

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“நடுவுல ஒரு பெட்டி செய்தியை வாங்கிக் கைமாத்தியிருக்குன்னு காட்டுது.”

“எது?”

“பேர் இல்ல. சிக்னல் ஒரே கோடு. குன்றுப் பக்கம் இருந்து வருது.”

“எவனாவது டூரிஸ்ட் போட்டுட்டுப் போயிருப்பான்,” என்றேன்.

பனி இறங்கியது. கூடவே ஒரு வாசனை. புதிதாகப் புரண்ட மண், பிளந்த வேர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாரம் ஊர் முழுக்க நின்ற அதே வாசனை.

ஜோயப்பண்ணா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆடி மழையின் ஒன்பதாம் நாள், பட்டப்பகலில் பெட்டி துடித்தது. ‘அப்பா, வலி. ரத்தம். அவர் மடிக்கேரியில.’ கிழவர் ஜீப்பை எப்படி ஓட்டினாரோ! நயனா பிழைத்தாள். எங்கள் மலையில் பிள்ளை பிறந்தால் ஒரு வேட்டு, சாவுக்கு இரண்டு. முதல் வேட்டு கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது கேட்கவில்லை.

அதன்பின் ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஜோயப்பண்ணா பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். போனில் ஒரே வரி, பதினோரு முறை. ‘பொள்ளு, அன்னைக்கு நான் எடுக்கல.’ ஒவ்வொன்றின் கீழேயும், யாரோ வாங்கிக்கொண்டதற்கான டிக்.

நயனாவின் பெட்டி அந்த வாரம் முழுக்க அணைந்து கிடந்தது.

“பதில் வரலையேண்ணா?”

“வாங்கிக்கிட்டா முத்தம்மா. அது போதும்.”

மழை விட்டதும் நயனாவும் மாச்சய்யாவும் குழந்தையோடும் தங்கள் பெட்டியோடும் மைசூருக்குக் குடிபோனார்கள். பின்னாலேயே ஜோயப்பண்ணாவும். “பேச்சுத் துணைக்கு வச்சுக்கோ,” என்று பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். மைசூரில் எட்டே மாதத்தில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார்! அறுபத்திரண்டு வயதில், பட்டு ஜரிகைத் தலைப்பாகையோடு!

இந்தச் செய்தியை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போனில் டவர் வேறு செத்துக் கிடந்தது. பெட்டியில் தட்டிவிட்டேன். ‘நம்ம ஜோயப்பண்ணாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.’

டிக் விழுந்தது.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது, இந்த மலையில் இப்போது இருப்பது என் பெட்டி ஒன்றுதான்.

மறுநாள் சிக்னல் இரண்டு கோடு. அதற்கடுத்த நாள் மூன்று. நாலு கோடும் நிறைய வேண்டுமானால் இரண்டு பெட்டியும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்று மாச்சய்யா சொல்லியிருந்தான்.

வியாழக்கிழமை நாலு கோடும் நிறைந்தன. சமையலறையில் மண் வாசனை.

முதல்முறையாக அது எழுதியது.

‘எங்கே?’

ஊர்க்கதை எதையும் நான் எனக்குள் வைத்துக்கொண்டதில்லை. அன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. ஜோயப்பண்ணாவின் முகவரி எழுதிய டைரியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன்.

காலையில் டைரி மேஜைமேல் விரிந்து கிடந்தது. மைசூர் முகவரியின் கீழே, விரல் வைத்துப் படித்ததுபோல, ஈரமண்ணில் ஒரு கோடு.

பெட்டியைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

பொள்ளவ்வாவும் மலையை விட்டுப் போய்விட்டாள்.