சைரன் அடித்தால் ஒளிந்துகொள்

சைரன் அலறியது.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக் கோழிக்கறித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து தொழிலாளர்கள் கும்பல் கும்பலாக இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். குளிரூட்டும் குழாய் வெடித்து அம்மோனியா வாயு கசிகிறது...

மாரிசெலா கார் நிறுத்துமிடம் முழுக்கத் தேடிவிட்டாள்.

தங்கை யாதிராவைக் காணோம்.

வயது பதின்மூன்று. இரவல் அடையாள அட்டையில் இருபத்திரண்டு.

"சார்... என் தங்கச்சி உள்ள இருக்கா."

சூப்பர்வைசர் டுவைன் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"எந்தத் தங்கச்சி? எல்லாரும் வந்தாச்சு. வாயை மூடு."

"சைரன் அடிச்சா ஒளியணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

டுவைனின் முகம் வெளுத்தது.

சோதனை அதிகாரிகள் வந்தால் சைரனைத் தட்டுவான். சின்னப் பிள்ளைகள் சத்தமில்லாமல் அட்டைப்பெட்டி அறைக்குள் பதுங்க வேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தான்.

இன்றைக்கும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்!

"வாயத் திறந்தே... அக்கா, தங்கச்சி ரெண்டு பேரும் குவாத்தமாலாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

தீயணைப்பு கேப்டன் ஹாலிஸ் அந்தப் பக்கம் வந்தாள். மாரிசெலா திமிறிக்கொண்டு ஓடினாள்.

"மேடம், பின்பக்கம் அட்டைப்பெட்டி ரூம்... என் தங்கச்சி. பதிமூணு வயசு. என்னை ஊருக்கு அனுப்பினாலும் பரவால்ல, அவளைக் கொண்டாந்துடுங்க..."

டுவைன் பின்னாலேயே ஓடிவந்தான். "பயத்துல உளறுறா மேடம். எங்ககிட்ட பதினெட்டுக்குக் கீழ யாருமே கிடையாது. வாசல்ல பெருசா எழுதி மாட்டியிருக்கோமே."

"பாத்தேன். பெயிண்ட் நல்லாருக்கு."

கேப்டன் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பின்னாலேயே இரண்டு வீரர்கள்.

மாரிசெலா வாசலை நோக்கி நகர்ந்தாள்.

அம்மோனியாப் புகைக்குள்ளிருந்து ஒரு வீரர் வந்தார். அவர் கையைப் பிடித்தபடி யாதிரா... உயிரோடு.

அவள் பின்னால் இன்னொரு சிறுமி. ஒரு பையன். இன்னும் இரண்டு பேர்! கடைசியாகக் கேப்டன்.

"சத்தியமா இதுங்களை நான் பாத்ததே இல்ல மேடம்," டுவைன் குழறினான். "வேலி ஏறிக் குதிச்சிருக்குங்க."

ஐந்து பேரும் அவனைப் பார்த்தார்கள்.

அடுத்த நொடி, கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே, அவன் முன்னால் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்கள். வேலைக்கு முன் கை சுத்தமா என்று டுவைன் பார்ப்பது தினசரி வழக்கம்.

கேப்டன் முகமூடியைக் கழற்றினாள்.

"நீங்களும் இப்படியே ரெண்டு கையையும் நீட்டிப் பழகிக்குங்க சார்... போலீஸ் வந்துக்கிட்டிருக்கு."