பன்னிரண்டு மணிக்குள் ஒரு வீடு

1976 ஜூன். ஒரு சனிக்கிழமை, காலை 8.10.

டிரங்குப் பெட்டியைத் திறந்த சங்கரம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துறைமுகக் குடியிருப்பில் அவர்களுக்கு வீடு ஒதுக்கி வந்திருந்த ஆர்டரைக் காணவில்லை.

அன்று பகல் பன்னிரண்டுக்குள் அசல் ஆர்டரைக் காட்டிச் சாவி வாங்க வேண்டும். தவறினால் வீடு பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் கணவன் மந்திரமூர்த்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். ஆற்றங்கரை வயல் ஊரை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்து ஒன்றரை வருஷம். வந்த புதிதில் வீடு தேடித் தெருத்தெருவாக நடந்தார்கள். என்ன ஆட்கள் என்று விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் பலர். கடைசியில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளாரன்ஸ் என்ற விதவை, ஒரே முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட தன் வளவில் ஓர் அறை கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. சமையலும் படுக்கையும் ஒரே அறையில். தனியாக ஓர் அடுக்களை, திறந்தால் நல்ல தண்ணீர் கொட்டும் குழாய். இந்த இரண்டுக்காகத்தான் சங்கரம்மாள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

8.50. மந்திரமூர்த்தி கூட்டி வந்த ஏட்டு தாணுலிங்கம் சைக்கிளை வளவுக்குள் நிறுத்தினார்.

"ஆர்டரைக் கடைசியா எப்பம்மா பாத்த?"

"வியாழக்கிழமை சாயந்திரம் வச்சுப் பூட்டினேன் ஏட்டையா."

"பூட்டு?"

"பூட்டினபடியே இருந்திச்சு. சாவி என் தாலிக்கயித்துல கெடக்கு."

"உள்ள வேற என்ன வச்சிருந்த?"

"பட்டுச்சேல ஒண்ணு, கல்யாணப் போட்டோ, இவுக சர்டிபிகேட்டு, புள்ளைக்கு மூணு சட்டை. எல்லாத்துக்கும் அடியில ஆர்டர்."

"அறையை விட்டு எப்பம் வெளிய போன?"

"நேத்து பத்து மணிக்கு. புள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் பன்னெண்டுக்கு வந்தேன். கதவுக்குப் பூட்டு கெடையாது, வெறும் கொண்டிதான்."

ஏட்டு பெட்டியிலிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பாயில் எடுத்து வைத்தார். சேலை. போட்டோ. சர்டிபிகேட்டுகள். சின்னச் சட்டைகள் இரண்டு. பிறகு பெட்டியைத் திருப்பி, பின்பக்கக் கீல்களைத் தடவினார். ஒரு கீலின் கம்பி துருவேறி அசையவே இல்லை. அது முன்பே பாதி உடைந்த கீல். மற்றதில் கம்பி விரலோடு வழுக்கி வந்தது.

"பூட்டைத் தொடவே இல்ல. பின்னால கம்பியை உருவி மூடியைத் தூக்கியிருக்கு."

9.30. பட்டியலில் அடுத்த ஆள் சிவனணைந்தபெருமாள். அதே வளவில் பின்னறையில் தனியாக இருந்தான். துறைமுகத்தில் ஃபிட்டர்.

"நேத்து பகல்ல எங்க இருந்தீரு?"

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இங்கனதான் தூங்கினேன்."

"கீல் கம்பியை உருவத் தெரியும்லா?"

"தெரியும். ஆனா நான் எடுக்கல ஏட்டையா. ஓட்டப்பிடாரத்துல எம் பொண்டாட்டி, பள்ளிக்கூடம் போற ரெண்டு பையன்மாரையும் வச்சுக்கிட்டு எந்தங்கச்சி வீட்டுல கெடக்கா. எனக்கும் வீடு வேணும்தான். அதுக்காவ இவன் வீட்டைப் பிடுங்குவனா?"

மந்திரமூர்த்தி அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். ஏட்டுதான் விலக்கினார்.

9.50. பிளாரன்ஸ் தலைவாசலில் நாற்காலி போட்டு லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் சங்கரம்மாளின் எட்டு மாதக் குழந்தை செல்லத்தாய் நூலைப் பிடித்து இழுத்தது.

"நேத்து வெளியாள் யாரும் வந்தாவளாம்மா?"

"ஒருத்தரும் வரல. நான் வாசலை விட்டு எந்திரிக்கவே இல்ல."

"இவுக போறது உங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

"இருக்கத்தான செய்யும். அடைமழையில வண்டி கெடைக்காம எங் கையில பொறந்த புள்ள." அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

10.20. ஏட்டு எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார்.

"வெளியாள் வரல. வீட்டுக்காரங்க எடுக்கணும்னா சாவி இருக்கு, கம்பியை உருவ வேண்டாம். வளவுல மிச்சம் ரெண்டு பேருதான். எல்லாரும் காயிதத்தைத் தேடுதிய. சங்கரம்மா, பாயில எத்தனை சட்டை இருக்குன்னு பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு... பொறந்தப்போ போட்ட மஞ்சச் சட்டையக் காணலியே. இப்ப அது புள்ளைக்குச் சேரவும் செய்யாதே."

"சேராத சட்டையை எதுக்கு எடுக்கணும்? வீடு வேணும்னு வந்த ஆளு ஆர்டரோட போயிருப்பான். சட்டையையும் சேத்து எடுத்தவுகளுக்கு வீடு தேவையில்ல. புள்ளைதான் தேவை." ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "நீங்களே கொண்டு வந்து குடுத்திருங்கம்மா."

பிளாரன்ஸ் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாதா சிலையின் அடியிலிருந்து ஆர்டரையும் மஞ்சள் சட்டையையும் எடுத்து வந்தாள்.

"கிழிக்கணும்னு நெனைக்கல. பன்னெண்டு மணி தாண்டிட்டா இன்னும் ஒரு வருசமாவது இங்கன இருப்பாகன்னு..."

மந்திரமூர்த்தி சிவனணைந்தபெருமாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆர்டரை வாங்கிக்கொண்டு நின்றான். "போலே, பஸ்ஸைப் பிடி," என்று சிவனணைந்தபெருமாளே அவனைத் தள்ளிவிட்டான்.

"புகார் எழுதணுமா?" என்றார் ஏட்டு.

"வேண்டாம் ஏட்டையா." சங்கரம்மாள் பிளாரன்ஸ் பக்கம் திரும்பினாள். "இருன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அக்கா."

"கேட்டா இருந்திருப்பியா?"

சங்கரம்மாள் குழந்தையின் விரலில் சிக்கியிருந்த லேஸ் நூலைப் பிரித்தெடுத்தாள்.

"இருந்திருக்க மாட்டேன்."

11.35க்கு மந்திரமூர்த்தி சாவியை வாங்கினான். சாயங்காலமே கைவண்டியில் சாமான்கள் ஏறின. பிளாரன்ஸ் வெளியே வரவில்லை. சங்கரம்மாளும் கூப்பிடவில்லை.

புது வீட்டில் குழாயைத் திறந்து இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடித்தாள். நல்ல தண்ணீர். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தாள். கடல்காற்று நேராக அடுக்களை வரை வந்தது. பிற்பகல்களில் குழந்தை வாசலைப் பார்த்து அழுதது. எதைக் காட்டியும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து டவுனிலிருந்து வரும் பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள் என்று நிறுத்தத்தில் நின்று பார்த்தாள். கணவனிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் நின்றாள். பிளாரன்ஸ் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அவளே ஏறினாள்.