நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

கடையில் அணைத்து வைத்திருந்த மானிட்டரில் அவருடைய உருவம் தெரிந்தது. அது இயல்புதான், கறுப்புக் கண்ணாடிக்கு எதிரே யார் நின்றாலும் தெரியும். ஆனால் அவர் விலகி, ஹெட்போன்கள் தொங்கிய சுவர்ப் பக்கம் திரும்பியபோது உருவம் உடனே திரும்பவில்லை. ஒரு மூச்சு நேரம் அங்கேயே நின்றது. வாயைத் திறந்து யாரையோ திட்டிவிட்டு, பிறகுதான் அவர் பின்னால் வந்தது.

வெயிலில் சுற்றிய களைப்பு என்று நினைத்துக்கொண்டார். அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். காலையிலிருந்து மாலைவரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, யார் யாரோ கியரை உடைப்பதுபோல் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல சார், மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி விழுங்கிய கோபத்தை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் இறக்கி வைப்பார். அப்படி இறக்கிய ஒரு நாளில்தான் மகளுடைய பழைய மானிட்டர் சுவரில் மோதி உடைந்தது. அவள் அழக்கூட இல்லை. துடைப்பம் எடுத்துவந்து கண்ணாடித் தூளைக் கூட்டினாள். அன்றிலிருந்து அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தப் பேச்சு திரும்பி வரவேண்டும் என்றுதான் இந்தக் கடைக்கு வந்திருக்கிறார். தப்பு என்னுடையது என்று சொல்ல வராத மனிதர். அதைவிட ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

கடை நடத்துகிற அம்மாள் பொறுமையாகத்தான் விளக்கினார். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்றே பாகங்களைப் பூட்டித் தயாராக வைத்த மூன்று பெட்டிகளைக் காட்டினார். ஒன்றில் மின்விசிறிகள் வானவில்லாக மின்னின. இன்னொன்று நல்லதுதான், ஆனால் சூடு வெளியேற வழி குறைவு. மூன்றாவது பார்க்கச் சாதாரணம், உள்ளே படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும் பெரியது. மூன்றாவதையே எடுக்கச் சொன்னார். அவரும் சரி என்றார். மானிட்டரில்தான் தகராறு வந்தது. எதிரில் இருந்த மலிவானதைக் காட்டி, திரை என்றால் திரைதானே, அது போதும் என்றார்.

"இதுக்கு அது பொருந்தாது சார். இந்தப் பெட்டி ஒரு நொடியில வரையுற படத்துல பாதியைக்கூட அந்த மானிட்டர் காட்டாது."

"மீதி எங்க போகும், வீட்டை விட்டு ஓடிப்போயிடுமா?"

"எங்கயும் போகாது சார். வரைஞ்சது வரைஞ்சதுதான். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அவர் கத்தினார். என்ன கத்தினார் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்பதுபோல் ஏதோ. கடையில் இருந்த மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தெய்வம் ஒரு மனிதனைத் தடுத்து நிறுத்துவதற்கு இதைவிடப் பெரிதாக எதையும் அனுப்புவதில்லை. அவர் டம்ளரைக் கையால் தள்ளினார்.

"எல்லாத்தையும் காட்டுற மானிட்டரையே குடும்மா. பார்த்துடலாம்."

அந்த அம்மாள் தலையாட்டினார். ஆனால் அவர் கண் இவர்மேல் இல்லை. இவருக்குப் பின்னால் இருந்த கறுப்புத் திரைகளின் வரிசையில் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு போடும் நேரம். கதவைத் திறந்ததும் உள்ளே டிவியின் சத்தம் குறைந்தது, எப்போதும் குறையும். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையில் போனபோது எதிரே வந்த மனைவி சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். அவர் கடந்து போய்விட்டார். அவள் இன்னும் சுவரோடு ஒட்டியே நின்றாள், பின்னால் இன்னொருவர் வருவதுபோல. அவரும் போனபிறகுதான் போகலாம் என்பதுபோல.

"என்னடி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல, போங்க."

மகளுடைய அறையில் புது அட்டையும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை நிறைந்தது. அவரே பெட்டியை மேசைக்கு அடியில் வைத்தார், அவரே மானிட்டரைத் தூக்கி நிறுத்தினார், அவரே ஒயரைச் சொருகினார். மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படம் வந்தது, வந்தாலும் விளையாட்டு திக்கித் திணறியது. திரையில் ஓடிய வீரன் சேற்றில் நடப்பதுபோல் நடந்தான்.

"அப்பா, மானிட்டர் ஒயரை மேல இருக்குறதுல சொருகிட்டீங்க. கீழ, கார்டுல சொருகணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அதுவும் மெதுவாக. ஆனால் காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தது போலும். இவ்வளவு செலவழித்து வாங்கிவந்தால் குறை சொல்கிறாயா, உனக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது, அப்படித்தானே? நாற்காலியின் முதுகைப் பிடித்து உலுக்கிக் கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தார்.

நடையில் நின்றார். உள்ளே ஒயரைப் பிடுங்கி மாற்றும் சத்தம். நாற்காலி கிரீச்சிடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மாள் நீட்டிய டம்ளர் ஏனோ நினைவுக்கு வந்தது. அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். மன்னிச்சுக்கோ என்றுகூடச் சொல்ல வேண்டாம். கொடுத்தால் அவளுக்குப் புரியும்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்தார்.

மகள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. அசைவே இல்லை. விளையாட்டு ஏதோ லோட் ஆகிக்கொண்டிருந்தது. திரை முழுக்கக் கறுப்பு, மூலையில் மட்டும் சிறு வட்டம் ஒன்று சுழன்றது. அந்தக் கறுப்பில் அவள் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் அவர் தெரிந்தார்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. வாய் திறந்தபடி.

அவர் வாசலில் நின்றார். கையில் டம்ளர். திரையில் இருந்தவர் கையில் டம்ளர் இல்லை.

அறையைப் பார்த்தார். நாற்காலிக்குப் பின்னால் யாருமில்லை. திரையைப் பார்த்தார். அங்கே இருந்தவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். சாம்பல் சட்டை. பழைய மானிட்டரை எறிந்த அன்று போட்டிருந்த சட்டை. அதற்கும் அப்பால் மழைக்கோட்டு. பள்ளி வாசலில், தோழிகளுக்கு முன்னால் அவளைத் திட்டிய நாள். அப்புறம் பனியன் போட்ட ஒருவர், தலை நரைக்காதவர், கீழே குனிந்து கத்துகிறவர். அவ்வளவு குனிய வேண்டுமென்றால் அவள் அப்போது எவ்வளவு சின்னவளாக இருந்திருப்பாள்.

சுவர்வரை நின்றார்கள். இடம் போதாமல் நின்றார்கள். ஒருவர்கூட அவளை விட்டுப் போயிருக்கவில்லை.

மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பயந்ததுபோல் தெரியவில்லை. பழகியவள்போல் இருந்தாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். அவள் பிறந்த நாளிலிருந்து கூப்பிட்ட பெயரை, இத்தனை வருடமும் மறந்திருந்த குரலில் கூப்பிட்டார்.

"பாப்பா."

அவள் திரும்பவில்லை.

"இப்ப பேசுறது எந்த அப்பா?"

நான்தான் என்று சொல்ல நினைத்தார். தண்ணீர் கொண்டுவந்தவன்.

திரையில் எல்லா முகங்களும் வாசல் பக்கம் திரும்பின. அவர் வாயைத் திறப்பதற்குள், அத்தனை வாய்களும் திறந்தன.